வெளியே பொறி வந்தால் ஸ்பார்க் பிளக் நல்லதா?

நான்குவழி:
வண்டி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது எஞ்சின் விட்டுவிட்டு எரிந்து திணறினால், என்ன செய்வது என்று கேட்டவருக்கு பட்டறைக்காரன் நேற்று எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து செல்ஃப் அடி, நீலமாகப் பொறி வந்தால் பிளக் நல்லது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பார் என்கிறார். இதை நம்பித்தான் பலர் இன்ஜெக்டருக்குக் காசைக் கொட்டுகிறார்கள். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை அழுந்திக் கிடக்கும்போது, அதுவும் மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதாகக் கொடுக்கும்போது, அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அழுத்தம் கூடினால் கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் 1889லேயே காட்டிவிட்டார். வெளியே பளிச்சென்று அடிக்கிற பிளக் உள்ளே போனதும் படுத்துவிடலாம். ஐடிலிங்கில் ஒழுங்காக நின்று, ஏற்றத்தில் மட்டும் திணறுகிற வண்டி பெரும்பாலும் இந்த ரகம்தான்.

பட்டறைக்காரன்:
தம்பி, ஜெர்மன்காரன் வந்து நம்ம ஊர் வண்டியைப் பார்க்கப் போவதில்லை. நீலப் பொறி வந்தால் கரண்ட் இருக்கிறது, கரண்ட் இருந்தால் எரியும். நான் சரிசெய்து அனுப்பிய வண்டி எதுவும் வழியில் நின்றதில்லை.

நான்குவழி:
கரண்ட் இருக்கிறது என்றால் பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயில் வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிளக் நல்லது என்று அதற்கு அர்த்தமில்லை. பழைய பட்டறைகளில் ஒரு மெஷின் இருந்ததே, மணல் வீசிப் பிளக்கைச் சுத்தம் செய்துவிட்டு, காற்றழுத்தம் கொடுத்து, கண்ணாடி வழியே பொறியைப் பார்ப்பார்கள். வெளியே வைத்துப் பார்த்தால் போதும் என்றால் அந்த அழுத்தத்தை எதற்குக் கொடுத்தார்கள்? பதில் சொல்லுங்கள். அப்புறம், நான் உங்களுக்குத் தம்பி இல்லை.

கொங்குவண்டி:
என் நாலு சிலிண்டர் பெட்ரோல் காரில் ஸ்கேனரில் பி0303 என்று கோளாறு எண் வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். மூன்றின் காயிலையும் இரண்டின் காயிலையும் மாற்றிப் போட்டேன், எண் மாறாமல் மூன்றிலேயே நின்றது. அதேபோல மூன்றின் பிளக்கையும் இரண்டின் பிளக்கையும் மாற்றிப் போட்டதும் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர், ஆகிவிட்டது. பிளக்தான் கோளாறு என்று தெரிந்துபோயிற்று. அந்தப் பிளக்கும் வெளியே வைத்தால் நீலமாகத்தான் அடித்தது. பட்டறைக்காரரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பட்டறைக்காரன்:
கார்க்காரர்கள் ஸ்கேனரை வைத்துப் பேசுகிறீர்கள். பைக்கில் ஒரே சிலிண்டர், எதை எதோடு மாற்றுவீர்கள்? நீலப் பொறி வந்தால் பிளக் நல்லது, நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். போன வருடம் ஆயில் கறுத்தாலே கெட்டுப்போயிற்று என்று எழுதியவர்தானே நான்குவழி? அன்றைக்கே தெரியும் இவர் விவரம்.

நான்குவழி:
ஆயிலைப் பற்றி நான் எழுதியது வேறு, அதைத் திரித்து இங்கே இழுக்காதீர்கள். ஒரே சிலிண்டர் என்றால் கம்பெனி சொன்ன நம்பரில் புதுப் பிளக் ஒன்றைப் போட்டு, அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். இன்ஜெக்டரில் கை வைப்பதைவிடச் செலவு குறைவு. கழற்றியதை நன்றாகப் பார்க்க வேண்டும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கிறதா, பீங்கானில் விரிசல் இருக்கிறதா, வெளிப்பீங்கானில் மேலிருந்து கீழாகக் கரிக்கோடு ஓடுகிறதா? கரிக்கோடு இருந்தால் கரண்ட் உள்ளே போகாமல் வெளியே வழிந்திருக்கிறது, அப்போது ரப்பர் கேப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், ஆயில் நனைந்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே கசிகிறது. இதில் ஒன்றையாவது உங்கள் நீலப் பொறி சொல்லுமா?

மழைப்பயணி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், முனையில் இரிடியம் என்ற உலோகம் வைத்த பிளக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாமா? எங்கள் ஊர் மெக்கானிக் தேய்த்துக் கொடுத்தார்.

பட்டறைக்காரன்:
தாராளமாகத் தேய்க்கலாம். எல்லாப் பிளக்கும் பிளக்தான்.

கொங்குவண்டி:
ஐயோ, தேய்க்காதீர்கள். அந்த நடுமுனை ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, 0.4 அல்லது 0.6தான். தேய்த்தால் முனையே போய்விடும்.

பட்டறைக்காரன்:
கோயம்புத்தூர்க்காரருக்கு எல்லாம் தெரியும். பம்பு செய்கிற ஊரில் பிளக்கையும் கண்டுபிடித்தார்கள் போல.

கொங்குவண்டி:
ஊரை எதற்கு இழுக்கிறீர்கள்? எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள், இரிடியத்தில் உப்புத்தாளைக் கொண்டுபோனாலே திட்டுவார்கள்.

நான்குவழி:
பேச்சை மாற்றாதீர்கள். மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும், அது சூடேறிப் பாழாகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை அளவுக்கான அரசு விதி) பைக்கை வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும், அந்தப் பொருள் விலை லேசானதல்ல. வெளியே பொறி வந்தால் உள்ளேயும் வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? மெஷினில் எதற்குக் காற்றழுத்தம் என்று கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

பட்டறைக்காரன்:
என் அனுபவம்தான் ஆதாரம். நீலம் என்றால் நல்லது. சந்தேகம் இருப்பவர்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள், நேரில் அடித்துக் காட்டுகிறேன்.

நான்குவழி:
நேரில் காட்டினாலும் வெளியேதானே அடித்துக் காட்டுவீர்கள்? காற்றழுத்தம் எதற்கு, அதைச் சொல்லுங்கள்.

மழைப்பயணி:
அப்படியென்றால் தேய்த்த பிளக்கை நான் மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

பட்டறைக்காரன்:
நீலமாக அடித்தால் அப்படியே ஓட்டுங்கள்.