புதுப்பிப்பு: கேமரா வாங்கியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பாக்கெட்ல அடங்குற கேமரா ரிக்கோ ஜிஆர் 3 எடுக்கவா சோனி ஆர்எக்ஸ்100 எடுக்கவான்னு, ரிக்கோதான் எடுத்தேன். ஜூம் இல்லாம கஷ்டப்படுவன்னு நெறைய பேரு சொன்னீங்க, நிஜம்தான், 28 எம்எம்ங்கிற அகலமாக் காட்டுற லென்ஸ் மட்டும்தான், கோபுரத்துச் சிற்பமெல்லாம் தூரத்துலேர்ந்து எடுக்க முடியாது. ஆனா கானாடுகாத்தான்ல ஆயா வீட்டு வளவுல, அதான் நடு முற்றத்துல, ஒரு மூலைல நின்னு எடுத்தேன் பாருங்க, பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லுத் தரை, நடுவுல விழுற வெயிலு எல்லாம் ஒரே படத்துல, ஓரத்து நிழல்ல ஆயா உக்காந்திருந்த எடத்தைக்கூட அப்புறமா கம்ப்யூட்டர்ல வெளிச்சமாக்கிக் காட்ட முடிஞ்சுது, வெளிச்சத்தைப் படமாப் பதியுற சென்சார் (ஏபிஎஸ்-சி அளவு) பெருசுங்கிறதோட அருமை அங்கதான் தெரிஞ்சுது. சின்னதா இருக்கிறதால ஆயாவும் கூச்சப்படல. பேட்டரிதான் சீக்கிரம் தீருது, ஒரு சார்ஜுக்கு 200 படம்தான் கணக்கு, வாங்குறவங்க கூட ஒண்ணு சேத்து வாங்கிருங்க.