அக்குளில் ஏன் கத்தி வைக்கிறார்கள்?

கேள்வி:
அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். கட்டியோடு அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்களாம். காய்ச்சலில் நெறி கட்டுமே, அதுதானா? அதை ஏன் எடுக்க வேண்டும்?

பதில் 1:
அதேதான். மார்பின் நிணநீர் பெரும்பாலும் அக்குளுக்குத்தான் வடிகிறது. கட்டியிலிருந்து கழன்ற செல்கள் முதலில் சிக்கும் வடிகட்டி அது. எனக்கு 2019இல் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் சேர்ந்த 3 கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். நோய் இல்லை, மற்றவை தப்பின. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது. யாரும் முன்பே சொல்லவில்லை, நடுங்கிவிட்டேன்! அம்மாவுக்கு இந்த முறை பொருந்துமா என்று கேளுங்கள்.

பதில் 2:
என் அக்காவுக்குக் கணுவிலேயே நோய் இருந்தது, 14 எடுத்தார்கள். பிறகு கை வீங்கி வளையல் ஏறவில்லை. கைப்பயிற்சியையும் கேட்டுவையுங்கள்.

கேட்டவர்:
ஸ்கேனில் கணுக்கள் பெரிதாக இல்லை என்றார்கள். நாளை கேட்கிறேன், அக்கா.