எட்டு வயதுப் பையனுக்குத் தலைச்சாயம்: விடலாமா, கூடாதா?

கொக்கிரகுளத்து அம்மா:

எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஓயாமல் நடக்கும் வழக்கை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். என் மகனுக்கு எட்டு வயது. ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போகிறான். விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் நாத்தனார் மகன், பதினான்கு வயதுக்காரன், முன்முடியில் செம்பட்டையாக நாலு கீற்றுப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். அன்றிலிருந்து இவனும் தனக்கும் அதேபோல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சலூனில் விசாரித்தபோது, அமோனியா இல்லாத சாயம், பயப்பட ஒன்றுமில்லை, பள்ளி திறப்பதற்குள் மறுபடி கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்றார்கள். என் கணவருக்குச் சம்மதம். என் மாமியார் அத்தையோ, "பச்சை மண்டையில மருந்தைத் தேய்க்கப் போறியளாக்கும்" என்று கேட்டுவிட்டு அன்று மாலை காப்பியைத் தொடவில்லை.

நான் விடலாம் என்கிற பக்கம் நிற்கிறேன். இந்தப் பிள்ளைக்கு ஒரு வயதில் திருச்செந்தூரில் மொட்டை அடித்துக் காது குத்தினோம். மூன்றாம் வயதிலும் ஐந்தாம் வயதிலும் மறுபடி முடி இறக்கினோம். தாய்மாமன் மடியில் அவன் கதறிய கதறலைக் கேட்டுச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களே தவிர, பிள்ளைக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அவனாகவே தன் முடியைப் பற்றி முதன்முதலாக ஒன்று கேட்கும்போது மட்டும் எல்லாருக்கும் அவன் உடம்பின் மேல் திடீரென்று அக்கறை பிறப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிற முடிதானே, பிடிக்காவிட்டால் வெட்டிவிட்டால் போயிற்று.

பொருநைக்கரையான்:

அம்மா, நான் பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மொட்டைக் கணக்கைப் படித்ததும் ஒரு நிமிடம் வாயடைத்துத்தான் போனேன், ஆனாலும் கணக்கு உதைக்கிறது. சவரக்கத்தி முடியை எடுத்துக்கொண்டு போய்விடும். தலையில் எதையும் விட்டுவைக்காது. சாயம் அப்படியல்ல. பிள்ளையின் விருப்பம் என்கிறீர்கள்; அந்த விருப்பம் பேருந்தில் வந்து இறங்கி மூன்று நாள்தானே ஆகிறது? அது அத்தை மகனோடு கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போகிறதா, இங்கேயே தங்குகிறதா என்று பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் கடைக்குப் போய் விலை கேட்பது பெரியவர்களின் அவசரம்.

என்னை உறுத்துவது, பள்ளி திறப்பதற்குள் கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தக் கறுப்பை நான் பார்த்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், காதுமடலின் மேல்விளிம்பிலும் நெற்றிமுடி தொடங்கும் இடத்திலும் மை ஒட்டியதுபோலக் கறை, வகுப்பு முழுக்கப் பென்சிலின் பின்முனையால் உச்சந்தலையைச் சொறிந்துகொண்டே இருந்தான். தலைமையாசிரியர் திட்டக்கூடாது என்பதற்காக முந்தின நாள் இரவு வீட்டிலேயே அப்பாவின் சாயத்தைப் பூசியிருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு மருந்து, அதை மறைக்க இன்னொரு மருந்து. இதில் பிள்ளை கேட்டது முதலாவதை மட்டும்தான்.

மேலப்பாளையம் மெடிக்கல்:

அண்ணாச்சி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். சரியாக வினை இருக்கிற இடத்தில் கை வைத்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அந்த இரண்டு மருந்துகளும் என்ன செய்கின்றன என்று சொல்கிறேன்.

நம்முடைய கரிய முடியின் மேல் செம்பட்டை நிறத்தைச் சும்மா பூசினால் தெரியாது. முடிக்குள் இருக்கும் மெலனின் என்கிற நிறமியை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு முதலில் சிதைத்தாக வேண்டும். அமோனியாவின் வேலை முடியின் மேல்செதில்களை உப்பவைத்து வழி திறந்துவிடுவது. அமோனியா இல்லை என்று எழுதிய சாயத்தில் பெரும்பாலும் எத்தனோலமைன் அந்த வேலையைச் செய்யும். மூக்கைத் துளைக்கும் வாடை குறையும், பெராக்சைடு குறையாது. ஆகவே அந்த ஒரு சொல்லை நம்பி யாரும் நிம்மதி அடைய வேண்டாம். இருந்தாலும், உள்ளபடி சொன்னால், இந்த முதல் மருந்து பெரும்பாலும் எரிச்சலோடும் முடி வறண்டு ஒடிவதோடும் நின்றுவிடும்.

அதைவிடக் கவலை தருவது பிற்பாடு பூசுகிற கறுப்பு. நிலைத்து நிற்கும் கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாராபினிலீன்டையமைன் இருக்கிறது, சுருக்கமாகப் பி.பி.டி. நிறம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கூடுதலாகச் சேர்ப்பார்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்றும் 2011 முதல் அங்கே பெட்டியின் மேல் அச்சிட்டாக வேண்டும். நம் நாட்டுப் பெட்டிகள் பலவற்றில் வயது பற்றிய வரி இருக்காது. சிலருக்குத் தோல் எரிச்சல் தரலாம், முதலில் சோதித்துப் பார்க்கவும், புருவத்திலோ இமையிலோ பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்.

இந்த ஒவ்வாமையின் குணம் விசித்திரமானது. முதல்முறை பூசும்போது பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு எப்போதோ பூசி ஒன்றிரண்டு நாள் கழித்து, இமை இரண்டும் வீங்கி, காதோரம் நீர் வடிந்து நிற்பார்கள். சாயம் பூசுகிற எல்லாருக்கும் வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வந்தவருக்கோ பொதுவாக ஆயுள் முழுக்க நீங்காது. சில துணிச்சாயங்களும், மரத்துப்போகத் தடவும் பென்சோகெய்ன் போன்ற மருந்துகளும்கூட அப்படிப்பட்டவர்களுக்குப் பகையாகலாம். எட்டு வயதில் தொடங்கினால் எத்தனை முறை பூசுவோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதோடு ஒன்று. பெருநாளுக்கு முந்திய இரவு எங்கள் தெருவில் மருதாணிக் கோன் வாங்காத வீடு இருக்காது. மருதாணி இலை செம்மஞ்சளிலிருந்து சிவப்பு வரைதான் பிடிக்கும், அதற்கும் சில மணி நேரம் ஆகும். பத்தே நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கிறது என்று எவராவது குழந்தையின் கையில் வரைய வந்தால், உள்ளே இதே பி.பி.டி. இருக்கக்கூடும் என்று எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த ஒவ்வாமை முதலில் பற்றுவதற்கு அதுவும் ஒரு முக்கியமான வழி.

சந்திப்பு சலூன்காரர்:

அக்காவுக்கு வணக்கம், சார்வாளுக்கும் வணக்கம். இருபது வருடமாகக் கத்தரி பிடிக்கிறவன் என்பதால் எங்கள் தொழிலுக்காக இரண்டு வார்த்தை. கீற்றுப் போடும்போது சாயத்தைத் தலைத்தோலில் தேய்ப்பதில்லை. வேரிலிருந்து அரை அங்குலம் விட்டு, முடியைத் தனித்தனியாகப் பிரித்து, அலுமினியத் தாளில் மடித்துத்தான் பூசுகிறோம். பாய் சொன்ன ஆபத்து பெரும்பாலும் தோலில் படுவதால் வருவது. தோலில் படாமல் செய்யத் தெரிந்தவன் செய்தால் பயம் குறைவு. வீட்டில் அப்பாவின் சாயத்தை எடுத்துப் பூசியதற்குச் சலூனைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆனால் எட்டு வயதுப் பையனுக்கு நான் செய்வேனா என்று கேட்டால், செய்யமாட்டேன். காரணம் மருந்தில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. பெரியவர்கள் உட்காரும் நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே பலகையைப் போட்டு, அதன்மேல் பிள்ளையை ஏற்றி உட்காரவைப்போம். முடி வெட்டுகிற பத்து நிமிடத்திலேயே கழுத்தில் மயிர் குத்துகிறது என்று மூன்று முறை நெளிவான். தாளை மடித்துக் கட்டிவிட்டு முப்பது நாற்பது நிமிடம் ஆடாமல் இரு என்றால் எப்படி இருப்பான்? ஒருமுறை ஒரு வீட்டார் வற்புறுத்தியதால் ஒன்பது வயதுப் பையனுக்குச் செய்தேன். பாதியில் அரிக்கிறது என்று ஒரு தாளை இழுத்து, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கப் போனான். அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவன் அம்மா அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்பைத் தாய்:

எல்லாரும் ஆசைக்குப் பூசுகிற சாயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகளுக்குப் பதினொரு வயது. வகிடு எடுத்தால் இரண்டு பக்கமும் வெள்ளைக் கம்பி. வகுப்பில் ஆச்சி என்று கூப்பிடுகிறார்கள். தலைச்சாயம் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற எங்கள் உறவினர்களே, "பொம்பளைப் பிள்ளை, அதுக்கு மட்டும் லேசா ஒரு டை அடிச்சு விடு" என்கிறார்கள். ஆசைக்குப் பூசினால் விஷம், நரைக்குப் பூசினால் மருந்தா? எதற்காகப் பூசினோம் என்பது தோலுக்குத் தெரியுமா?

நானும் ஒருமுறை ஏமாந்தேன். மூலிகை என்று பச்சை இலைப் படம் போட்ட பொட்டலம் ஒன்று வாங்கிவந்து குழைத்தேன். கால் மணி நேரத்தில் கரண்டியே கறுத்துவிட்டது. மருதாணி இப்படிப் பிடிக்காதே என்று பின்பக்கம் பார்த்தால், இலைகளின் பெயர்களுக்குக் கீழே கடைசி வரியில் பாய் சொன்ன அதே பெயர். அப்படியே கொட்டிவிட்டேன். பிறகு தோல் மருத்துவரிடம் போனதில், இரத்தத்தில் பி12 குறைவாக இருப்பது தெரிந்து அதற்கு மருந்து கொடுத்தார். நரை முழுக்கப் போய்விடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. சாயத்தால் மூடியிருந்தால் அந்தக் குறைவை இன்னும் இரண்டு வருடம் கவனித்திருக்கமாட்டேன். இப்போது மாதம் ஒருமுறை மருதாணியும் அடுத்து அவுரிப் பொடியும் போடுகிறேன். மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு மருதாணியே இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தடை போடுகிறவர்கள் பக்கம் இல்லை. என் மகள் கேட்காத வெட்கத்தை அவள் தலையில் ஏற்றுகிறவர்கள் பக்கமும் இல்லை.

கொக்கிரகுளத்து அம்மா:

பாய் சொன்னதைப் படித்தபிறகு, கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சை எங்கள் வீட்டில் எடுத்தாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். குலசேகரன்பட்டினத்துக் குலசைத் தசராவுக்கு மாலை போட்டுக் காப்புக் கட்டி வேஷம் போடுகிறோமே, என் தம்பி மகன் போன வருடம் ஏழு வயதில் குரங்கு வேஷம் போட்டு, முகம் முழுக்க வண்ணம் பூசி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கினான். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. சாமிக்கு என்றால் பூசலாம், தன் ஆசைக்கு என்றால் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

பொருநைக்கரையான்:

நல்ல கேள்விதான், நானும் சிறுவயதில் வேஷம் கட்டியவன்தான். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்காரம் முடிந்து, மறுநாள் காப்பை அறுத்து, வேஷத்தைக் கலைத்துவிட்டுக் குளித்தால், பழைய பிள்ளைதான். அதுதான் வேஷம். கழுவினால் போகிற நிறத்தை உங்கள் பையன் தலையில் போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். கழுவினாலும் போகாததை அவனுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பதினாறில் அவனே பெட்டியைப் படித்துவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

கொக்கிரகுளத்து அம்மா:

பதினாறு என்பது ஐரோப்பாக்காரர் பெட்டியில் போட்ட எண், அண்ணாச்சி. என் நாத்தனார் மகனுக்குப் பதினாலில் அவன் வீட்டார் விட்டார்கள். அவன் கெட்டுப்போகவில்லை, இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தது அவன்தான். வயதைப் பற்றி நாம் ஒத்துப்போகப் போவதில்லை. சலூன்காரத் தம்பி, தோலில் படாமல் செய்கிற வேலைக்கு இவன் நாற்பது நிமிடம் ஆடாமல் உட்காருகிற வயது வந்ததும் உங்களிடமே கூட்டிவருகிறேன்.

மேலப்பாளையம் மெடிக்கல்:

அப்போதும், ஒரு சொட்டுச் சாயத்தைத் தோலில் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெட்டியில் போட்ட சோதனையை வீட்டில் அடிக்கடி செய்து பார்க்காதீர்கள். அந்தச் சொட்டே சிலருக்கு ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், அவர் அந்தப் பொருளைத் தோலில் 48 மணி நேரம் ஒட்டிவைத்துப் பார்ப்பார். இப்போதைக்கு முடிக்குப் பூசும் சாக்கட்டி கிடைக்கிறது. கறுப்பு முடியில் மங்கலாகத்தான் தெரியும், ஒன்றிரண்டு குளியலில் இறங்கிவிடும். அதிலும் எரிந்தால் உடனே கழுவுங்கள்.

கொக்கிரகுளத்து அம்மா:

ஞாயிற்றுக்கிழமை நிலவரம். செம்பட்டை நிறச் சாக்கட்டி கிடைக்கவில்லை, நீலம்தான் இருந்தது. முன்முடியை நனைத்து நாலு கீற்றுப் போட்டேன். கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றால்தான் தெரிகிறது என்று முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். பிறகு வெயிலில் நின்றால் தெரிகிறது என்று கண்டுபிடித்து, பகல் முழுக்க வெயிலிலேயே நின்றான். வியர்வையில் நீலம் பின்கழுத்து வழியாக இறங்கி, வெள்ளைப் பனியன் பாழ். சாயங்காலம் அத்தைதான் அவனைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினார்கள். துவட்டிக்கொண்டே, அடுத்த வாரம் பச்சை வாங்குவாயா என்று அவன் கேட்டது என்னிடம் இல்லை, அத்தையிடம்.