உதவி: உரைப்பெட்டியில் தமிழ்ச் சொற்கள் எல்லாமே பிழை என்று காட்டப்படுகின்றன

சிற்றெறும்பு:
வணக்கம். என் செயலியின் உரைப்பெட்டியில் பிழைதிருத்தி சேர்த்திருக்கிறேன். ஆங்கிலம் சரியாக வருகிறது; தமிழில் மட்டும் ஏறக்குறைய எல்லாச் சொற்களுக்கும் சிவப்புக் கோடு விழுகிறது. நாளை ஒப்படைக்க வேண்டும், விரைந்து உதவுங்கள்.

திண்ணை:
எந்த நிரல்மொழி, எந்த உரைப்பெட்டி, எந்த அகராதி என்று மூன்றையும் சொல்லுங்கள்.

பழுதுநீக்கி:
ஐயமே வேண்டாம், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான குறியாக்கம்தான் சிக்கல். ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தும் மென்பொருளின் விகுதிக் கோப்பில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். எனக்கு இரண்டு முறை நேர்ந்திருக்கிறது.

மூத்தகுடி:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை அலசப்பட்டுவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், உரைப்பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்பு அகராதியிடம் ஒரு சொல்லை நேரடியாகக் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள்.

சிற்றெறும்பு:
நிரல்மொழி பைத்தான், உரைப்பெட்டி டிகின்டர், அகராதியில் சொல்லைச் சோதிப்பது பைஎன்சான்ட் தொகுதி. குறியாக்கம் சரியாகவே இருக்கிறது. ‘தமிழ்’ என்பதை நேரடியாகக் கொடுத்தால் சரி என்கிறது. பெட்டியில் தட்டினால் கோடு விழுகிறது. ‘பல’, ‘நட’ ஆகியவை மட்டும் எப்படியோ தப்பிக்கின்றன.

திண்ணை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தப்பித்த இரண்டிலும் புள்ளியும் இல்லை, கொம்பும் காலும் இல்லை. சொற்களைப் பிரிக்க, உரையில் வடிவங்களைத் தேடும் ரீஜெக்ஸில் ‘எழுத்து’ என்று பொருள்படும் ‘டபிள்யூ’ குறியைத்தானே பயன்படுத்தியிருக்கிறீர்கள்? பைத்தானோடு வரும் ரீஜெக்ஸ் தொகுதி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை என்பதால், ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகி அகராதிக்குப் போகிறது. ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 2944 முதல் 3071 வரையிலான எண்களைக் கொண்ட தமிழ்ப் பகுதியை எழுத்துத் தொகுப்பாகக் கொடுத்துப் பிரியுங்கள். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிட முடியும் என்பதால், அகராதியிடம் கொடுக்கும் முன் இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவதும் நல்லது.

பழுதுநீக்கி:
இருந்தாலும் விகுதிக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.

மூத்தகுடி:
இதெல்லாம் ஒட்டுவேலை. ‘வீட்டிலிருந்துதானே’ என்று விகுதிகளை அடுக்கிக்கொண்டே போகும் மொழிக்குச் சொற்பட்டியல் எப்படிப் போதும்?

திண்ணை:
ஹன்ஸ்பெல்லே ஹங்கேரிய மொழிக்காக உருவானதுதான். அதுவும் ஒட்டுநிலை மொழியே. விகுதி விதிகளை ஒழுங்காக எழுதினால் அடுக்கைச் சமாளிக்கலாம். உண்மையான குறை சந்தியில்தான் இருக்கிறது. ‘வீட்டை கட்டினான்’ என்று எழுதினால் விடுபட்ட ‘க்’ என்ற ஒற்றெழுத்தை அது கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகவே சோதிக்கிறது.

மூத்தகுடி:
ஒற்றுப்பிழையைக் காட்டாத ஒன்றைத் தமிழில் பிழைதிருத்தி என்று அழைப்பதையே நான் ஏற்கவில்லை.

திண்ணை:
கேட்டவருக்கு நாளை ஒப்படைப்பு, ஐயா.

சிற்றெறும்பு:
பிரிப்பை மாற்றினேன், கோடுகள் போய்விட்டன. மிக்க நன்றி.

பழுதுநீக்கி:
எந்த அகராதியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.