புதுப்பிப்பு: அடர்த்தி 1-ஐத் தாண்டியதன் காரணம்

யார் யாருக்கு மடல் அனுப்பினார் என்ற என் மின்னஞ்சல் வலைப்பின்னலை, ஆர் நிரல்மொழியில் வலைப்பின்னல்களை ஆராய உதவும் ஐகிராஃப் தொகுப்பில் போட்டுப் பார்த்தேன். அதன் அடர்த்தி (இருக்கக்கூடிய இணைப்புகளில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்ற எண்; 1-ஐத் தாண்டக் கூடாது) 1-க்கு மேல் வருகிறதே, எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

அதே இருவருக்கிடையே போன ஒவ்வொரு மடலும் தனித்தனி இணைப்பாகப் பதிவாகியிருந்தது. அடர்த்தியைக் கணக்கிடும் எட்ஜ்_டென்சிட்டி கட்டளை அந்த இரட்டிப்புகளைக் கழிப்பதில்லை; இருக்கும் இணைப்புகளை, இருக்கக்கூடிய இணைப்புகளால் வகுக்கிறது, அவ்வளவுதான். முதலில், இரட்டிப்புகளை ஒன்றாக்கும் சிம்ப்ளிஃபை கட்டளையை ஓட்டியதும் எண் சரியாக வந்தது. (மடல்களின் எண்ணிக்கை தேவைப்பட்டால், ஓட்டும் முன் அதை எடையாக, அதாவது இணைப்போடு வைக்கும் ஓர் எண்ணாகச் சேர்த்துவையுங்கள்.)

கையால் சரிபார்க்க சக்கரியின் கராத்தே சங்கத் தரவு (ஒரு கராத்தே சங்கத்தில் யார் யாரோடு பழகினார் என்று காட்டும், பலரும் பயன்படுத்தும் மாதிரித் தரவு) அருமையானது. 34 பேர், 78 இணைப்புகள். இணைப்புகளுக்குத் திசை (யாரிடமிருந்து யாருக்கு என்ற வேறுபாடு) இல்லாததால் 34 × 33 ÷ 2 = 561 இணைப்புகள் சாத்தியம்; 78 ÷ 561 = 0.139. திசையுள்ள வலைப்பின்னலில் 2-ஆல் வகுக்கக் கூடாது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அளவு வேறுபட்ட வலைப்பின்னல்களை அடர்த்தியை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அந்தச் சங்கத்தில் ஒருவருக்குச் சராசரி 4.6 தொடர்புகள். அதே சராசரியோடு 340 பேர் இருந்தால் அடர்த்தி சுமார் 0.014-ஆக விழும். யாருடைய நட்பு வட்டமும் சுருங்கவில்லை! அதனால் சராசரித் தொடர்பு எண்ணையும் அருகிலேயே எழுதுகிறேன்.