மாங்கொட்டைப் பருப்பில் உள்ள சேர்மங்களைப் பெயர் சொல்லி உறுதி செய்வது எப்படி?

பர்கூர்_எம்எஸ்சி

வணக்கம். மாங்கூழ் ஆலையில் கழித்த கொட்டையிலிருந்து பயனுள்ள சேர்மங்களைக் கண்டறிவதுதான் ப்ராஜெக்ட். பருப்பை அரிவாள்மனையில் நறுக்கி வெயிலில் போட்டதும் கறுத்துவிட்டது. பொடியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் கஞ்சியாகிறது, வடிதாளில் இறங்கவில்லை. வடிந்த கொஞ்சத்தில் ஃபெரிக் குளோரைடு விட்டால் கருநீலம். டி.எல்.சி. (சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரிக்கும் சிலிக்கா பூசிய தகடு) தகட்டில் புள்ளியே இல்லை, அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பு. "டானின் என்ற துவர்ப்புச் சேர்மம் உண்டு" என்று மட்டும் எழுதினால் கைடு ஏற்கமாட்டார். எங்கே தவறுகிறது?

வடிநீர்

கறுத்ததற்குப் பாதிக் காரணம் அந்த அரிவாள்மனை. இரும்பும் டானினும் சேர்ந்தால் கருநீலம். ஃபெரிக் குளோரைடு சோதனையே அதுதானே! மீதிப் பாதி, பருப்பிலுள்ள நொதி காற்று பட்டதும் ஃபீனால்களைப் பழுப்பாக்குவது. எவர்சில்வர் கத்தியால் நறுக்கி, உடனே 3 நிமிடம் ஆவி காட்டி நொதியை அடக்குங்கள். பிறகு ஓவனில் 45–50 டிகிரியில், கையால் ஒடித்தால் படக்கென்று முறியும் வரை உலர்த்துங்கள்.

கொட்டை எடுக்கும்போதே கவனம் வேண்டும். ஆலை வாசலில் குவித்தது ஒரே நாளில் சூடேறிப் பூசணம் பிடிக்கும், அன்றன்று விழுந்ததை எடுங்கள். பெங்களூரா, நீலம், அல்போன்சா எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே ரகம் ஓடும் நாளில் எடுக்காவிட்டால் முடிவுக்குப் பொருளில்லை. கூன்வண்டு துளைத்த பருப்பைக் கழித்துவிடுங்கள்.

கஞ்சியானது மாவுச்சத்தால். பருப்பில் பாதிக்கு மேல் அதுதான், கொதித்தால் கூழாகும். அதனால் தண்ணீர் வேண்டாம். முதலில் 50 கிராம் பொடியை 300 மில்லி ஹெக்சேன் கரைப்பானில், சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பொடியில் பாய்ச்சும் கருவி) 6 மணி நேரம் ஓட்டிக் கொழுப்பை நீக்குங்கள். பக்கத்தில் தீ கூடவே கூடாது, ஹீட்டிங் மேன்டில் மட்டும். ஹெக்சேன் வாடை போன பொடியில் 10 கிராமுக்கு 100 மில்லி 70% எத்தனால் ஊற்றி, இருட்டில் 24 மணி நேரம் குலுக்கி வடியுங்கள். அதே பொடியில் இன்னும் இருமுறை. வடித்த சாற்றை ரோட்டரி ஆவியாக்கியில் வற்றவைக்கும்போது 45 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். நீண்ட நேரம் சூடுபட்டால் டானின் உடைந்து காலிக் அமிலம் பெருகும், அதைப் பருப்பிலேயே இருந்ததாகக் கணக்கெழுதிவிடுவோம்.

தகடு_254

இழுப்புக்குக் காரணம் அளவு மீறியது, டானின் சிலிக்காவில் ஒட்டுவது, இரண்டும்தான். ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் கரைசலில் 5 மைக்ரோலிட்டர் போதும். எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், தண்ணீர் 100:11:11:26 என்ற கலவையில் ஓட்டுங்கள். அமிலம்தான் இழுப்பைச் சுருக்கும். பக்கத்திலேயே காலிக் அமிலம், மாஞ்சிஃபெரின் (மாவில் உள்ள ஒரு ஃபீனால் சேர்மம்) ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிடுவதற்கான தூய மாதிரி, இரண்டும் போடாமல் தகட்டை ஓட்டவே வேண்டாம்.

ஃபீனால்களின் மொத்த அளவை நிறத்தால் அளக்கும் ஃபோலின் சோதனையில் 765 நானோமீட்டரில் வரும் எண்ணை "மொத்த ஃபீனால்" என்று எழுதலாமே தவிர, அது எந்தச் சேர்மத்தின் பெயரையும் சொல்லாது. வைட்டமின் சி, சர்க்கரை, புரதம்கூட அதில் நிறம் தரும்.

பர்கூர்_எம்எஸ்சி

மிக்க நன்றிங்க. எச்.பி.எல்.சி.யில் (திரவத்தில் ஓட்டிச் சேர்மங்களைப் பிரிக்கும் கருவி) ஸ்டாண்டர்டு வெளிவரும் நேரத்திலேயே வரைபடத்தில் சிகரம் வந்தால் பெயரை எழுதிவிடலாமா?

வடிநீர்

கூடாது. அதே நேரத்தில் வேறொன்றும் வரலாம். சாற்றில் ஸ்டாண்டர்டைக் கொஞ்சம் கலந்து மறுபடி ஓட்டுங்கள்: பக்கத்தில் தோள்போல் இன்னொரு மேடு விழாமல் அதே சிகரம் உயர வேண்டும். ஒளி உறிஞ்சலைப் பல அலைநீளங்களில் பதியும் பி.டி.ஏ. டிடெக்டரில் மாஞ்சிஃபெரின் 240, 258, 318, 365 நானோமீட்டர் அருகே நான்கு மேடு காட்டும். மூலக்கூறின் நிறையையும் காட்டும் எல்.சி.-எம்.எஸ். கருவி கிடைத்தால் நெகட்டிவ் மோடில் மாஞ்சிஃபெரினுக்கு 421 என்ற நிறை எண்ணைப் பாருங்கள், காலிக் அமிலத்துக்கு 169. மூன்றும் பொருந்தினால் பெயரோடு எழுதுங்கள்.

தகடு_254

ஒன்று விட்டுப்போச்சு. ஹெக்சேனில் இறங்கிய கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். ஸ்டியரிக், ஓலிக் அமிலங்கள் மிகுந்தது, கோகோ வெண்ணெய்க்கு நெருங்கியது. மெத்தில் எஸ்டராக்கி ஜி.சி.யில் (வாயுவில் ஓட்டிப் பிரிக்கும் கருவி) ஓட்டினால் கொழுப்பு அமிலங்களின் இன்னொரு அட்டவணை கிடைக்கும்.