வயிற்றுவலி என்று சொன்ன பிள்ளைகள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நான் பேசிய பிள்ளைகளில் ஒருவர்கூட மனசு சரியில்லை என்று வாய்திறந்து சொன்னதில்லை. வயிற்றுவலி என்றார்கள், தலைவலி என்றார்கள். பலர் ஆன்லைன் வகுப்பில் பெயரை மட்டும் காட்டிவிட்டு, கேமராவை அணைத்துக்கொண்டு இருந்தார்கள். வீட்டில் இதைச் சோம்பல் என்றார்கள். மீசை அரும்பிய பையனாக இருந்தால் திமிர் என்றார்கள்.

தேர்வுக் குழப்பத்தின் பங்கு இதில் பெரிது. மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பொதுத்தேர்வு ஜூன் 1-க்கும், பிறகு ஜூன் 15-க்கும் தள்ளிப்போய், ஜூன் 9 அன்று ரத்து என்று அறிவிக்கப்பட்டது. பெரியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆனால் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் போட்டதில், அரையாண்டில் கோட்டைவிட்டு அதன்பிறகு முட்டிமோதிப் படித்தவர்களுக்கு அந்த உழைப்பைக் காட்ட வழியில்லாமல் போனது. சான்றிதழ் வாங்க வந்த மாணவி ஒருத்தி, “எல்லாரும் பாஸ்தானே டீச்சர், நான் படிச்சது யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள். போதாக்குறைக்கு, ‘கொரோனா பாஸ்’ என்று உறவினர்களே கேலி செய்தார்கள். அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டதாக அவளுடைய அம்மா பின்னர் சொன்னார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் வேறொரு மாணவன். அவனுடைய அப்பா ஈரானில் மீன்பிடித் தொழிலுக்குப் போய், விமானம் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டவர். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் திண்டாடுகிறோம் என்று அங்கிருந்து வந்த காணொளிகள் எங்கள் பகுதியில் கைமாறிக்கொண்டிருந்தன. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் அவன் தெருவிலேயே இருந்தன. “ராத்திரி பூரா கேம்தான் டீச்சர், நல்லா நாலு வார்த்தை கேளுங்க” என்று அம்மா போனில் முறையிட்டார். அவனிடமே விசாரித்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவன், “வாட்ஸப்ல லாஸ்ட் சீன் பாத்துட்டு இருப்பேன் டீச்சர். நேரம் மாறினா அப்பா இருக்காருன்னு தெரியும்” என்றான். அம்மா பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே விளையாடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

ஈரானிலிருந்து மீனவர்களை ஏற்றிவந்த கடற்படைக் கப்பல் ஜலஷ்வா ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. அதில் வந்தவர்களில் அவன் அப்பாவும் ஒருவர். அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கும்போதும் அவனுக்கு விடியற்காலை வரை தூக்கம் பிடிக்கவில்லை. வளரிளம் பருவத்தில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே சற்றுப் பின்னுக்குப் போகும். காலையில் மணியடித்து எழுப்பப் பள்ளியும் இல்லாத நிலையில், பயத்தில் தொடங்கிய விழிப்பு உடம்பின் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் சொன்னதும், “அவனுக்குப் பைத்தியமா டீச்சர்?” என்று அம்மா அழுதுவிட்டார். கடைசியில் அழைத்துப்போனவர் பாட்டி. “சுகர் டாக்டர் மாதிரி இவரு தூக்கத்துக்கு டாக்டர், அவ்வளவுதான்” என்று சொல்லி அவர் பஸ் ஏறிவிட்டார். நான் சொன்ன விளக்கங்களைவிட இது எவ்வளவோ மேல். மருத்துவர் மாத்திரை எதுவும் தரவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழவும், சாயங்காலம் வெளியே இறங்கி விளையாடவும், அலைபேசியை இரவில் பாட்டியிடம் கொடுத்துவிடவும் சொன்னார். முதல் இரண்டையும் ஒருவாறு செய்தான். மூன்றாவதற்குத்தான் பாட்டியோடு பெரிய சண்டை.

2021 செப்டம்பரில் மேல்வகுப்புகள் மீண்டும் திறந்தபோது அவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தான். முதல் வாரம் வாசல்வரை வந்து வயிற்றுவலி என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களில் சிலரை அவனே சைக்கிளில் போய்க் கூட்டிவந்தான்.